பட்டவர்தான் சொல்ல வேண்டும்

உள்துறைமுக வீதியில் முன்பு ஐஸ் செய்த கட்டடம் ஒன்று இருக்கிறது. மீன்வாடிகளுக்கான ஐஸ் இப்போது வேறிடத்திலிருந்து வருவதால் அதை யாரும் கவனிப்பதில்லை. தடித்த சுவர்கள், யன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை, வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நிலம் குளிர்ந்துதான் கிடக்கும். ஐஸ் பாளங்களைத் தூக்கிய இரும்புக் கொளுக்கிகள் இன்னும் கூரையில் தொங்குகின்றன. அதில் ஒன்றில்தான் எங்கள் குத்துப்பை தொங்கியது. சாக்குக்குள் பழந்துணியும் மரத்தூளும் அடைத்து நாங்களே தைத்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே கூடி ஒருவரையொருவர் குத்திக்கொள்ள ஏழெட்டுப் பேர் இருந்தோம். குத்துச்சண்டை என்றால் வீட்டில் சிரிப்பார்கள் என்று பலர் 'எக்சர்சைஸ்' என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. முப்பது கடந்தும் கலியாணம் கட்டாமல் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றி ஊர் ஏற்கெனவே கதைத்து முடித்திருந்தது. அதற்கு மேல் கதைக்க அவர்களிடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

எங்களுக்குப் பயிற்றுநர் என்று ஒருவர் இல்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற ஒருவர் பள்ளிக்கூட நாட்களில் மலைநாட்டில் கொஞ்சம் பழகியவர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. அவரைக் கிரேன் அண்ணை என்போம். தெரிந்ததை அவர் சொன்னார், மிச்சத்தைப் போனில் பார்த்துப் பழகினோம். பிழையாகப் பழகியதையும் அப்படித்தான் பழகினோம்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் நான் அதைக் கேள்விப்படவில்லை. தொடக்கத்தில் சுங்கத்தில் வேலை செய்யும் ஒருவரும் கிண்ணியாவிலிருந்து வருகிற கருவாட்டு வியாபாரி ஒருவரும் குத்திப் பழகும்போது, குத்து முகத்தில் பட்டதா கையுறையில் பட்டதா என்று சண்டை வந்துவிட்டது. பழக்கத்துக்குக் குத்திக்கொண்டிருந்தவர்கள் உண்மையாகவே அடிபடத் தயாராகி, வெளியே வந்து, எங்கள் ஊரில் மாடுகள்போலத் தெருவில் திரிந்து வாழைப்பழத் தோல் தின்னும் மான்களைக் கலைத்துவிட்டு நின்றார்கள். பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நடுவர் யாருமில்லை. கடைசியில் கிரேன் அண்ணை சொன்னார்: "இனிமேல் குத்தின ஆள் வாயே திறக்கப்படாது. பட்ட ஆள்தான் சொல்லவேணும்."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். சுத்தமான குத்து ஒன்று பட்டால், பட்டவர் "பட்டுது" என்று சொல்ல வேண்டும். வாய்க்குள் பற்காப்பு இருப்பதால் அது பாதி முனகலாகத்தான் வெளியே வரும். அதனால் கையுறையால் தன் நெஞ்சை ஒரு தரம் தட்டி, ஒரு அடி பின்னுக்கு வைக்க வேண்டும். மற்றவர் பொறுத்து நிற்பார். பிறகு தொடங்கலாம். புதிதாக வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். இரண்டு மாதத்தில் அவர்களுக்கும் கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

எனக்கு அந்தச் சட்டம் பிடித்துப்போனது. நான் கணக்காக இருக்கிற ஆள். கப்பல் பத்திரங்களில் ஒரு புள்ளி பிழைத்தாலும் திருப்பி அனுப்புவேன், அதனால் அலுவலகத்தில் எனக்கு நண்பர்கள் குறைவு. குத்துச்சண்டையிலும் எனக்குப் பிடித்தது அதே ஒழுங்குதான். குத்து தோளிலிருந்து புறப்படுவதில்லை, பின்னங்காலின் பெருவிரலிலிருந்து புறப்படுகிறது. இடுப்பு திரும்பி, தோள் பின்தொடர்ந்து, முஷ்டி கடைசி நேரத்தில் மட்டும் இறுக வேண்டும். போன வழியே கை திரும்பி வந்து தாடையைக் காக்க வேண்டும். நான் அதை வீட்டில் குசினியில் தேத்தண்ணி கொதிக்கும்வரை செய்து பார்ப்பேன். அம்மா அலுமாரியைத் திறக்க வந்தால் விலகி நிற்பேன். சில வருடங்களில் எங்கள் இடத்தில் என்னிடம் "பட்டுது" என்று சொல்லாதவர் ஒருவரும் இல்லை. ஆண்களும் சொன்னார்கள். அதில் எனக்கிருந்த பெருமையை மறைத்து என்ன பயன்?

பிறகு அவள் வந்தாள்.

அவளுக்கு ஊர் கட்டைபறிச்சான், மூதூர்ப் பக்கம். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை. கிழமை நாட்களில் அங்கேயே தங்கி, சனிக்கிழமை மூதூர் பஸ்ஸில் வீட்டுக்குப் போவாள். பஸ் வரும்வரை நேரம் போக்க ஒருநாள் தன்னோடு வேலை செய்யும் ஒருவரின் பின்னால் எங்கள் கட்டடத்துக்குள் வந்தவள், பையைப் பார்த்தாள். "குத்திப் பார்க்கலாமோ அக்கா?" என்று என்னைத்தான் கேட்டாள். கையில் துணி சுற்றாமலே குத்தத் தொடங்கிவிட்டாள். ஈரமான விரிப்புகளைப் பிழிந்து பிழிந்து முறுகிய தோள்கள் அவளுக்கு. ஒழுங்கு என்று ஒன்றுமில்லை, கால் எங்கோ நிற்கிறது, தாடை திறந்து கிடக்கிறது. ஆனால் கூரையின் கொளுக்கி கிரீச்சிட்டது. மற்ற எல்லாரும் தங்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தோம். அவள் நிறுத்தியபோது சாக்கில் இரத்தம் இருந்தது. விரல் முட்டுகளில் தோல் உரிந்திருந்தது.

"நோகேல்லையோ?" என்று கேட்டேன்.

அவள் தன் கையைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். "இப்பதான் காண்கிறன்," என்றாள்.

அவளோடுதான் நான் பிறகு மாதக்கணக்காகக் குத்திப் பழகினேன். நாங்கள் இரண்டு பேரும் ஏறத்தாழ ஒரே எடை. வேறு பெண்கள் இல்லை. என்னைவிட ஏழெட்டு வயது குறைந்தவள், மரியாதையானவள், கையுறை போட்டதும் அந்த மரியாதை எங்கே போகிறதென்று தெரியாது. முதல் குத்து பட்டதும் மற்றவர்கள் பின்வாங்குவார்கள், இல்லையென்றால் கோபப்படுவார்கள். அவள் இரண்டும் செய்ய மாட்டாள். படாதது மாதிரியே முன்னுக்கு வருவாள். சட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தோம், அவளும் ஒத்துக்கொண்டிருந்தாள், ஆனால் "பட்டுது" என்று சொல்வது எப்போதும் பிந்தித்தான் வரும். நான் மூன்று குத்துப் போட்ட பிறகு எதற்கோ ஒன்றுக்குச் சொல்வாள். சிலவேளை படாததற்கும் சொல்வாள், எனக்கு மனம் நோகக் கூடாது என்று.

"உத்தேசமாச் சொல்லுறியோ?" என்று ஒருநாள் ஏசினேன்.

"தெரியேல்லை அக்கா. நீங்கள் முகத்தைச் சுழிக்கிறியள். அப்ப ஏதோ பட்டிருக்கு எண்டு சொல்லுறன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு சுத்தமாகப் போடுகிற குத்துகளின் கணக்கு இவளிடம் பதியவே இல்லையே என்று எரிச்சல்தான் வந்தது.

எங்கள் இடத்தில் அதன்பின் ஓயாத வாதம் ஒன்று தொடங்கியது. நுட்பம் பெரிதா, உக்கிரம் பெரிதா? பயிற்சி முடிந்து வெளியே வாசல் திண்ணையில் இருந்து பிளேன்டீ குடிக்கும்போது கருவாட்டு வியாபாரி எடுத்துக் கொடுப்பார். என்னைக் காட்டி, "இவங்கட குத்துக்குப் பெட்டி, ரிபன் எல்லாம் இருக்கு," என்பார். அவளைக் காட்டி, "இது சாமானை அப்பிடியே கொண்டுவந்து தலையில கொட்டுது," என்பார். சுங்கத்துக்காரர் என் பக்கம். கிரேன் அண்ணை எந்தப் பக்கமும் சேர மாட்டார். நுட்பம் பழகிக்கொள்ளக்கூடியது, உக்கிரம் கொண்டு பிறக்க வேண்டியது என்று ஒருவர் சொன்னார். எனக்கு உச்சிவரை சுட்டது. பழகிக்கொள்ளக்கூடியது என்றால் நீங்கள் ஏன் பழகவில்லை என்று கேட்டேன். எனக்கு அவள்மேல் பொறாமை இருந்தது. அதேநேரம் அவளை எனக்கு மிகவும் பிடித்தும் இருந்தது. என் கைகளை அவளுக்குக் கொடுத்தால் இந்த நாட்டில் அவளை நிறுத்த ஆளிருக்காது என்று நான் நம்பினேன். அப்படி நம்பியது ஒன்றும் மடத்தனமில்லை, யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அவளுக்கு அந்த வருடம் முக்கியமான வருடம். குவைத்தில் வேலை செய்யும் அவளுடைய பெரியம்மாவின் மகள், பக்கத்து வீட்டில் வீட்டுவேலைக்கு ஒரு இடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டில் எல்லாருக்கும் விருப்பம். அவளுக்கு மட்டும் இல்லை. மாகாணத் தெரிவுப் போட்டியில் வென்று, பிறகு கொழும்பில் தேசியப் போட்டியிலும் வென்றால் பயிற்சிக் குழாமில் எடுப்பார்கள், அங்கே தங்கலாம், சாப்பாடும் கைச்செலவும் கிடைக்கும். அம்மாவிடம் அந்த ஒரு வருடத்தைத் தவணையாக வாங்கி வைத்திருந்தாள். குவைத்துக்குப் போனால் பிறகு கையுறை போடுவது ஏது? அதை அவள் அழுது சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது மாதிரித்தான் சொன்னாள்.

மாகாணத் தெரிவு எங்கள் நகரத்திலேயே நடந்தது. அந்த எடையில் இறுதிக்கு வந்தது நாங்கள் இரண்டு பேரும்தான். ஒருவர்தான் கொழும்புக்குப் போகலாம். விட்டுக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. எனக்கும் வயது போய்க்கொண்டிருந்தது, எனக்கும் ஆசை இருந்தது. இரண்டு பேரும் தன் ஆட்கள் என்பதால் கிரேன் அண்ணை எந்த மூலைக்கும் வராமல் பார்வையாளர்களோடு போய் இருந்துவிட்டார். என் மூலைக்கு, சுற்றுகளுக்கிடையே தண்ணி தந்து புத்தி சொல்ல, மட்டக்களப்பிலிருந்து வந்த முன்பின் தெரியாத ஒருவர் நின்றார்.

முதல் சுற்றில் நான் நினைத்ததெல்லாம் நடந்தது. அவள் வர, என் இடது கை அவளுக்கு முன்னாலேயே அங்கே இருந்தது. முகத்தில் மூன்று, நான்கு, நல்ல சுத்தமான குத்துகள். அவள் நிற்கவில்லை. தட்டவில்லை. சொல்லவில்லை. வந்துகொண்டே இருந்தாள். அவளுடைய குத்துகளில் பாதி காற்றில் போனது, மிச்சத்தில் ஒன்றிரண்டு பட்டது. சுற்று முடிந்ததும் என் மூலைக்காரர் கேட்டார்: "ஏன் தங்கச்சி பின்னுக்குப் பின்னுக்குப் போறீங்கள்? ஏன் நெஞ்சைத் தொடுறீங்கள்? வருத்தம் ஏதுமோ?"

நான் பின்னுக்குப் போகவில்லையே என்று எனக்கு அவர்மேல் கோபம். சண்டை தெரியாத மனிசன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று சுற்றும் அப்படியே போனது. தீர்ப்பில் நடுவர்களில் பெரும்பாலானோர் அவள் பக்கம். அவளுடைய கையை உயர்த்தியபோது நான் சிரித்துக்கொண்டு நின்றேன், எனக்குள் கொதித்தது. நான் போட்டது அதிகம். எனக்குத் தெரியும், எண்ணிக்கொண்டுதான் போட்டேன்.

உடை மாற்றும் அறையில் அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் கேட்டுவிட்டேன்.

"ஏன் நீ ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தை அக்கா?"

"பட்டதை."

"ஒண்டும் படேல்லையே?" என்றாள். கண்ணுக்குக் கீழே வீங்கிச் சிவந்திருந்தது. உதட்டில் இரத்தம் காய்ந்திருந்தது. பொய் சொல்கிற முகமில்லை.

அப்போது கதவடியில் சுங்கத்துக்காரர் வந்து நின்றார். முழுச் சண்டையையும் போனில் எடுத்திருந்தார். அவள் வெளியே போய் மர வாங்கிலில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, என் குத்துகள் பட்டிருந்தன. நான் நினைத்ததைவிடவும் கூடப் பட்டிருந்தன. மற்றது, அவளுடைய ஒவ்வொரு குத்துக்கும் நான் நெஞ்சைத் தட்டி ஒரு அடி பின்னுக்கு வைத்திருந்தேன். பார்க்கிற எவரும், இந்தப் பெண் இடிபட்டுத் தள்ளாடுகிறாள் என்றுதான் எண்ணுவார்கள். நடுவர்களை நான் அதன்பிறகு குறை சொல்லவில்லை.

அவள் அதைத் திரும்பவும் போட்டாள். இந்தமுறை திரையில் என் கை அவள் முகத்தில் படும்போதெல்லாம் மெதுவாக "பட்டுது" என்றாள். முதல் சுற்று முழுவதும் சொன்னாள். இரண்டாம் சுற்றிலும் சொன்னாள். வேண்டாம், நிற்பாட்டு என்றேன். கேட்கவில்லை. மூன்றாவது சுற்று முடிந்ததும் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அக்கா, இது நீங்கள் வெண்ட சண்டை," என்றாள்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. அது உண்மைதானே. பாவமன்னிப்புக் கேட்க நான் இதை எழுதவில்லை. இன்றைக்கு வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தச் சுங்கத்துக்காரரின் போனில் அன்றைக்குச் சார்ஜ் இல்லாமல் போயிருக்கலாமே என்று நான் நினைக்காத சனிக்கிழமை இல்லை.

தேசியப் போட்டிக்கு இரண்டு மாதத்துக்குமேல் இருந்தது. என்னோடு பழக வேண்டும் என்று அவளே கேட்டாள். எனக்கும் கோபம் ஆறியிருந்தது. இப்போது அவள் வேறு ஆள். குத்துப் பட்டால் உடனே நின்று, நெஞ்சைத் தட்டி, ஒரு அடி பின்னுக்கு வைத்து, "பட்டுது" என்பாள். ஒன்றையும் விடமாட்டாள். என்னை ஏமாற்றிவிட்டதாக அவள் மனதுக்குள் எதையோ வைத்துக்கொண்டு, அதற்குப் பரிகாரம் செய்கிற மாதிரி இருந்தது. ஆனால் பலன் தெரிந்தது. குத்து எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தொடங்கினாள். தாடையை மூடினாள். கால் ஒழுங்காக நின்றது. கையில் துணி சுற்றாமல் இப்போது பையைத் தொடுவதே இல்லை, மணிக்கட்டு நோகுது என்று முதல்முறையாகச் சொன்னாள். நான் சந்தோஷத்தில் துள்ளாத குறை. இத்தனை நாளும் நான் தலையால் தண்ணி குடித்துச் சொல்லியும் ஏறாதது இப்போது ஏறுகிறதே என்று.

கிரேன் அண்ணை மட்டும் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கொளுக்கிச் சத்தம் கேக்கேல்லையே, கவனிச்சனீங்களோ?"

"எந்தக் கொளுக்கி?"

"பை தொங்குறது. முந்தி அவள் குத்தினா அது கத்தும்."

எண்ணெய் விட்டிருப்பார்கள் என்றேன். அவர் கொளுக்கியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவள் தனியே கொழும்புக்குப் போக வீட்டில் விடமாட்டார்கள் என்பதால் லீவு போட்டு நானும் போனேன். மூலையில் நிற்க என்னையும் விட்டார்கள். அவளுக்கு எதிரே வந்தது இருபது வயதுகூட இருக்காத, துள்ளிக்கொண்டு நின்ற ஒரு பெண். அவளுக்கு நுட்பம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான் பார்த்த உடனே கண்டுகொண்டேன், இவளை எங்கள் பிள்ளை பிரித்து மேய்ந்துவிடுவாள் என்று.

மணி அடித்தது. முதல் அரை நிமிடம் எங்கள் பிள்ளை அழகாகச் செய்தாள். என் கைதான் அது, நான் குசினியில் பழகிய அதே கை. பிறகு அந்தப் பெண்ணின் வலது கை வந்து கன்னத்தில் விழுந்தது. பெரிய குத்தில்லை. எங்கள் பிள்ளை நின்றாள். நெஞ்சைத் தட்டினாள். ஒரு அடி பின்னுக்கு வைத்தாள்.

அந்த மற்றப் பெண் ஏன் பொறுத்து நிற்கப்போகிறாள்? அவள் எங்கள் ஐஸ் கட்டடத்துக்கு வந்தவளா? அந்த ஒரு அடிக்குள் நுழைந்து இரண்டு குத்துப் போட்டாள். அதற்கும் இவள் தட்டினாள், இன்னும் ஒரு அடி பின்னுக்கு. மேடையைச் சுற்றிய கயிறு வரை அப்படியே வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மாகாணத் தெரிவில் நான் எப்படி இருந்தேன் என்பதை அன்றைக்குத்தான் முழுதாகக் கண்டேன்.

இடைவேளையில் அவளுடைய முகத்தைத் துடைத்துக்கொண்டு கெஞ்சினேன்.

"பின்னுக்குப் போகாதை. தட்டாதை. பட்டாலும் பறவாயில்லை, முன்னுக்குப் போ."

"பட்டுது அக்கா."

"பட்டா என்ன? நீ முந்தி இதெல்லாம் பாக்கிறனீயோ?"

"முந்தித் தெரியாது," என்றாள். "இப்பத் தெரியுது. என்ன செய்யிறது?"

இத்தனை வருடம் பழகிய நுட்பத்தில் எங்கேயும் அதற்கு ஒரு பதில் இல்லை. அவள் எழும்பிப் போனாள். முயற்சி செய்தாள். கையைக் கட்டுப்படுத்திப் பார்த்தாள், பாதி வழியில் கை நெஞ்சுக்குப் போய்த் திரும்பும். அந்தத் தயக்கத்துக்குள் அடுத்தது வந்து விழும். நடுவர்கள் எல்லாரும் ஒரே பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார்கள்.

காலை பஸ்ஸில் திரும்பினோம். ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். அவள் சூடான கிளாசைக் கன்னத்தில் ஒத்திக்கொண்டாள். "நீங்கள் அண்டைக்கு அடிச்சது ஒண்டும் நோகேல்லை அக்கா," என்றாள். "இது எல்லாம் நோகுது." நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கந்தளாய் கடக்கும்வரை விடவில்லை.

நுட்பமும் உக்கிரமும் கறிக்கு உப்பும் புளியும் மாதிரி, இரண்டையும் அளவாகச் சேர்த்தால் சரி என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவளுக்குள் இருந்த உக்கிரத்தை நான் பலம் என்று நினைத்தேன். அது பலமில்லை. தனக்குப் பட்டதைக் கணக்கெடுக்காத ஒரு குணம் அது. கணக்கெடுக்கத் தெரிந்ததும் அது எழும்பிப் போய்விட்டது. எனக்கு அது ஒருநாளும் இருந்ததில்லை, ஆகவே போகும்போது அடையாளம் தெரியவுமில்லை. கொளுக்கிக்கு யாரும் எண்ணெய் விட்டிருக்கவில்லை, பிறகு கேட்டுப் பார்த்தேன்.

இரண்டு மூன்று கிழமை அவள் வரவில்லை. அவளுடைய பாஸ்போட் ஏஜென்சிக்காரனிடம் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை வந்தாள். வீட்டுக்குத் திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டுமாம். அதற்கு முதல் என்னோடு ஒருதரம் குத்திப் பார்க்க வேண்டும் என்றாள்.

"பழையது இருக்கோ எண்டு பாக்கிறன் அக்கா. இருந்தா அம்மாட்ட இன்னொரு வருசம் கேப்பன். இல்லாட்டி போறன்."

கருவாட்டு வியாபாரி எழும்பி இடம் விட்டார். மற்றவர்களும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். நாங்கள் கையுறை போட்டோம். நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன், வா, வந்து என் மூக்கை உடை, என் பல்லைக் கழற்று என்று. அவள் வந்தாள். கால் அழகாக நின்றது. தாடை மூடியிருந்தது. இடது கை நேராக வந்து என் நெற்றியை உரசிக்கொண்டு போனது. கையுறையின் தோல் பட்டது, அவ்வளவுதான். குத்தென்று சொல்ல ஒன்றுமில்லை.

நான் "பட்டுது" என்றேன்.

நெஞ்சைத் தட்டினேன். ஒரு அடி பின்னுக்கு வைத்தேன். கொஞ்சம் தள்ளாடியும் காட்டினேன். எனக்கு அவள் இருக்க வேண்டும் என்ற ஒன்றைத்தவிர வேறொன்றும் தோன்றவில்லை. எங்கள் கட்டடத்தில் படாததற்குப் பட்டது என்று அவள்தான் முன்பு சொல்வாள், ஒன்றும் தெரியாமல், என் முகத்தைப் பார்த்துவிட்டு. தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னவள் நான் ஒருத்திதான்.

அவள் கைகளை இறக்கினாள். பற்காப்பை எடுத்தாள்.

"படேல்லை அக்கா."

"பட்டுது எண்டுறன்."

"எனக்குத் தெரியும்," என்றாள். "நீங்கள்தானே பழக்கினனீங்கள்."

பழைய அவளாக இருந்திருந்தால் கவனித்திருக்க மாட்டாள், நம்பிக்கொண்டு மேலே மேலே வந்திருப்பாள். பட்டது எது படாதது எது என்று இவ்வளவு துல்லியமாக அவளுக்குத் தெரியவைத்தது நான் கொடுத்த நுட்பம்தான். அதை வைத்துத்தான் என் பொய்யைக் கண்டுபிடித்தாள். கிரேன் அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையுறைகளைக் கழற்றி வாங்கிலில் வைத்தாள். கைத்துணியை மெதுவாக அவிழ்த்துச் சுருட்டி அதற்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, வெறுங்கையால் தன் நெஞ்சை ஒருதரம் தட்டி, ஒரு அடி பின்னுக்கு வைத்தாள். வழக்கப்படி நான் பொறுத்து நின்றேன். அவள் திரும்பி வரவில்லை. மூதூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.